வீரமான சோகம்

ஒரு பாட்டைக் கேட்டு முடித்த பெரியவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்பதில் எந்த ஆபத்தும் இல்லை. "நல்லா இருக்கு" என்பார். தாலாட்டு என்றாலும் நல்லா இருக்கு, ஒப்பாரி என்றாலும் நல்லா இருக்கு. சங்கீதம் படித்தவர் என்றால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் தலையை ஆட்டுவார். கண்ணைத் திறந்த பிறகு அவரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். அதே கேள்வியைப் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேட்டால்தான் வில்லங்கம். அது உண்மையாகவே பதில் சொல்லிவிடும். நான் கேட்டேன். கேட்டதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். வந்த பதில்களைத் திருத்தப் போனேன்.

சண்டை முடிந்து ஒரு வருசம் கடந்திருந்த நேரம். மாங்கேணிக்கு அப்பால், வாகரைப் பக்கம் கடற்கரையோரம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சங்கீதத்துக்குத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் ஆசிரியை என்றால் சம்பளமில்லாத ஆசிரியை. என்றாவது ஒருநாள் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பஸ்ஸுக்கும் கைக்காசு கொடுத்துப் போய்ப் படிப்பிக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். மட்டக்களப்பு டவுனில் இருந்து விடியக் கிளம்பி, ஓட்டமாவடியில் இறங்கி வேறு பஸ் மாறி, மடியில் ஒரு ஆர்மோனியப் பெட்டியோடு நான் போய்வருவதைப் பார்த்து அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை.

"சும்மா படிப்பிக்கிறதுக்கு ஏன் புள்ள அவ்வளவு தூரம் போறாய்? இஞ்ச நம்மட சேர்ச்சிலயே சும்மா படிப்பிக்கலாமே" என்பார்.

அம்மாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் சேர்ச்சில் எவ்வளவு காலம் சும்மா படிப்பித்தாலும் அது சும்மாவாகவே இருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சங்கீதத்துக்குப் பொறுப்பான அதிகாரி, நாங்கள் சேர் என்கிறவர், ஒருநாள் வருவார், என் பாடத்தைப் பின்வாங்கில், அதாவது கடைசிப் பெஞ்சில், இருந்து பார்ப்பார், திருப்தி என்றால் என் பெயரைச் சிபாரிசு செய்வார். திருப்தி இல்லையென்றால் வருசக் கடைசியோடு தொண்டர்களை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. (உலாவிய கதைகளில் மோசமானதை மட்டும் நம்புகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.) அந்த ஒரு பாடத்தை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

சுனாமியில் கடல் ஒருமுறையும் சண்டை ஒருமுறையும் கொண்டுபோன பிறகு, மூன்றாம் தரமாகத் தகரத்தில் எழும்பி நின்ற பள்ளிக்கூடம் அது. ஆறாம் வகுப்புக்குக் கூரை இருந்தது, பாதிச் சுவர் இருந்தது. மீதிப் பாதியில் கடற்காற்று இருந்தது. அந்தக் காற்றின் உப்பில் என் ஆர்மோனியத்தின் கட்டை ஒன்று அழுத்தினால் கீழே போகும், மேலே வருவதற்குக் கெஞ்ச வேண்டும். அது வருகிறவரைக்கும் எந்தப் பாட்டுக்கும் பின்னால் ஒரு மாடு முனகுவது போலக் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் நான் அந்த வகுப்பில் முகாரி ராகத்தை மெதுவாக வாசித்துக் காட்டி, "இது என்ன மாதிரி இருக்கு, சொல்லுங்க பாப்பம்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. மாணவர் இசையைக் கேட்டுத் தம் உணர்வைப் பொருத்தமான சொற்களால் வெளிப்படுத்த வேண்டுமாம்.

முன்வாங்கில் இருந்த கேமா என்ற மெலிந்த பிள்ளை யோசிக்கவே இல்லை, தன் சட்டையைத் தொட்டுக் காட்டியது. "நனைஞ்ச சேட்டு முதுகில ஒட்டுற மாதிரி, ரீச்சர்."

"வேற?"

"வயித்துக்க நண்டு ஓடுது" என்றது ஒன்று. "பல்லுக் கூசுது" என்றது இன்னொன்று. டிலக்சன் என்று ஒரு பொடியன், வகுப்புக்கே வாய் அவன்தான், எழும்பி நின்று, "மாங்கேணிச் சந்தியில கடைசி பஸ்ஸ விட்ட மாதிரி" என்றான்.

எனக்கு வேர்த்தது. நான் படித்த இடத்தில் ஒன்பது ரசம் சொல்லித் தந்தார்கள். கருணை, வீரம், அற்புதம் என்று வரிசையாக ஒப்புவித்துப் பார்த்தேன். நனைந்த சேட்டு எந்த இடத்திலும் வரவில்லை. வலயத்துச் சேர் பின்வாங்கில் இருக்கும்போது இந்தப் பிள்ளைகள் முகாரியைக் கேட்டு நண்டு என்று சொன்னால் என் நியமனம் அன்றைக்கே கடலில் போய்விடும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அன்றே கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினேன். சிவப்பு வெண்கட்டியால் வீரம். மஞ்சளால் மகிழ்ச்சி. வெள்ளையால் சோகம். நீலமும் இருந்தது, மழையில் கரைந்துவிட்டது. இல்லாவிட்டால் இன்னொரு உணர்ச்சியும் சேர்த்திருப்பேன். "இனி எந்த இசையைக் கேட்டாலும் இந்த மூண்டில ஒண்டுதான் சொல்ல வேணும். நண்டு, சேட்டு, பஸ் ஒண்டும் வரப்படாது. விளங்கினதா?"

"ஓம் ரீச்சர்" என்றார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பிறகு நடந்ததுதான் அதிசயம். இரண்டு மூன்று நாளில் வகுப்பு முழுக்கச் சரியாகச் சொல்லத் தொடங்கியது. கம்பீர நாட்டை வாசித்தால் வீரம். மோகனம் வாசித்தால் மகிழ்ச்சி. முகாரி என்றால் இரண்டு சுரம் போவதற்குள் சோகம். நான் சோதித்துப் பார்த்தேன். எங்கள் சேர்ச் ஞானப்பாட்டு மெட்டுகளை வாசித்தேன், சரி. எனக்கே குழப்பமான ஒரு ராகத்தை வாசித்தேன், நான் மனதில் நினைத்த சொல்லையே சொன்னார்கள். ஒருநாள் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னமே டிலக்சன் சரியான பதிலைச் சொல்லிவிட்டான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. "ஞானம் உள்ள பிள்ளை" என்று மெய்சிலிர்த்துப் போய் அவன் தலையைத் தடவினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, என்னைப் பற்றி ஒருநாள் யாராவது எழுதுவார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இதைப் போய்த் தலைமை ஆசிரியரான அதிபரிடம் சொன்னேன். அதிபர் நல்ல மனிதர், ஆனால் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை ஒரு பேச்சாக்கித் தருகிறவர். அவர் வலயக் கூட்டத்தில் போய், "எங்கட பிள்ளைகள் ராகத்தைக் கேட்ட உடனே அதின்ர உணர்ச்சியச் சொல்லுதுகள்" என்று அறிவித்துவிட்டார். அடுத்த பள்ளித் தவணைக்குத்தான் வருவார் என்று நாங்கள் நினைத்திருந்த சேர், அடுத்த வாரமே வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்த நாள் காலையில் நல்ல மழை. அம்மாவின் நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு, ஆர்மோனியத்துக்கு ஒரு பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. வழக்கமாக நிற்கிற ஆமிக்காரர்களுக்கு என்னையும் தெரியும், பெட்டியையும் தெரியும். அன்றைக்குப் பார்த்து ஒரு புதுப் பொடியன். பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். இது என்ன என்று சைகையில் கேட்டான். எனக்குச் சிங்களத்தில் ஆர்மோனியத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாது. பயத்தில் தமிழிலும் மறந்துவிட்டது. வாசித்துக் காட்டு என்று விரலை அசைத்தான்.

பஸ் முழுக்கச் சனம் சன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, தார்றோட்டு ஓரத்தில், அந்த மழையில், குந்தியிருந்து மோகனம் வாசித்தேன். மழைத் தண்ணியில் விரல் வழுக்கி மோகனம் முகாரி வீடுவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மாடும் முனகியது. அவன் கடைசிவரைக்கும் நின்று கேட்டான். பிறகு "ஹொந்தை" என்றான். சிங்களத்தில் அதற்கு 'நல்லது' என்று அர்த்தம். நான் பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டரும், "நல்லா இருந்தது ரீச்சர், கெதியா ஏறுங்க" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வலயத்துச் சேர் எனக்கு முன்னமே வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. நெடுத்த மனிதர், மழைக்குள் வந்தும் சேட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கையில் ஒரு கோப்பு.

அந்தக் கோப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கரையில் கோப்போடு ஒரு ஆள் வந்து இறங்கினால் வேலியோரம் தாய்மார் வந்து நின்றுவிடுவார்கள். கடல் வந்து போன பிறகு கோப்போடு வந்தார்கள், எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டார்கள். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகும் வந்தார்கள், யார் எங்கே என்று கேட்டார்கள். வீடு எப்படி இருக்கு, நிவாரணம் எப்படி இருக்கு, முகாம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்தச் சனம் ஒரே பதில்தான் சொல்லிப் பழகியிருந்தது. நல்லா இருக்கு, ஐயா. அதற்கு மேல் ஒரு சொல் கூடச் சொன்னால் எந்தப் பக்கத்தில் போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் ஏழெட்டுத் தாய்மார் சீலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழைக்குள் நின்றார்கள். கேமாவின் தாயும் நின்றார்.

பாடம் தொடங்கியது. சேர் பின்வாங்கில் இருந்தார், அதிபர் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நின்றார். என் வயிற்றில் டிலக்சன் சொன்ன அந்த நண்டு உண்மையாகவே ஓடியது. (இல்லை, அது டிலக்சன் சொன்னதில்லை, வேறு யாரோ. பயத்தில் அன்றைக்கும் எனக்கு இதெல்லாம் குழம்பித்தான் கிடந்தது.)

முதலில் கம்பீர நாட்டை. "வீரம், ரீச்சர்." வகுப்பு முழுக்க ஒரே குரல்.

முகாரி. "சோகம், ரீச்சர்."

மோகனம். "மகிழ்ச்சி, ரீச்சர்."

சேரின் புருவம் உயர்ந்தது. இன்னும் இரண்டு வாசிக்கச் சொன்னார். இரண்டும் சரி. அதிபரின் சிரிப்பு காதுவரைக்கும் போனது. நான் மனதுக்குள் அம்மாவுக்கு நிரந்தர நியமனக் கடிதத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"மெத்த நல்லம்" என்று சேர் எழும்பி முன்னுக்கு வந்தார். "இந்த மூண்டும் தெரியுது. நான் நாலாவது ஒண்டு தாறன், பாப்பம்." அமைதி என்று எழுதத்தான் போனார் என நினைக்கிறேன். கரும்பலகைக்குக் கீழே கிடந்த சிவப்பு வெண்கட்டியைக் கையில் எடுத்தார்.

"வீரம், சேர்" என்றது வகுப்பு.

சேர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி, கைகட்டி, பிடித்துவைத்த பிள்ளையார்களாக இருந்தார்கள். சிவப்பை வைத்துவிட்டு மஞ்சளை எடுத்தார்.

"மகிழ்ச்சி, சேர்."

மஞ்சளை வைத்தார். வெள்ளையைத் தொட்டார், இன்னும் எடுக்கக்கூட இல்லை.

"சோகம், சேர்."

அந்த நேரத்தில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் நான் வாசிக்கப்போகும் ராகத்துக்குரிய வெண்கட்டியை முன்கூட்டியே எடுத்து, துருத்தியை அசைக்கிற இடது கைவிரல்களுக்குள் இடுக்கிக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்குவேன். பிள்ளைகள் சொல்லி முடித்ததும் எழும்பித் தேடாமல் பலகையில் சரி போடலாம் என்ற சுறுசுறுப்பு. அத்தனை நாளும் இந்தப் பிள்ளைகள் ஆர்மோனியத்தைக் கேட்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று சொல்லில் ஒன்று என்று நான்தானே சொன்னேன். எந்த ஒன்று என்பதையும் நானே கையில் பிடித்துக் காட்டியிருக்கிறேன். நனைந்த சேட்டைக் கண்டுபிடித்த மூளைக்கு இது பெரிய வேலையா?

சேருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. ஒரு கையில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் பிடித்து உயர்த்திக் காட்டினார். வகுப்பு திகைத்தது. அக்கம்பக்கம் பார்த்தார்கள். கடைசியில் டிலக்சன் எழும்பினான். அவனுக்குப் பதில் இல்லாமல் இருந்து பழக்கமில்லை.

"வீரமான சோகம், சேர்."

அதிபர் தேத்தண்ணி என்ன ஆச்சு என்று பார்க்கப் போய்விட்டார். பாடம் முடியும்வரை அவர் திரும்பி வரவில்லை. அவ்வளவு நேரம் ஒரு தேத்தண்ணியை என்ன செய்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ரீச்சர்" என்றார் சேர், சத்தம் போடாமல். அது இன்னும் பயமாக இருந்தது. "நீங்க போய்ப் பிள்ளைகளோட இருங்க." நான் கேமாவுக்குப் பக்கத்தில், முன்வாங்கில், முழங்கால் நெஞ்சில் இடிக்க இருந்தேன். கேமா எனக்கு இடம்விட்டு ஒதுங்கி, "பயப்படாதீங்க ரீச்சர்" என்று காதுக்குள் சொன்னது. எனக்கு அழுகை வரப்பார்த்தது.

சேர் வெண்கட்டிகளை மேசையில் வைத்துவிட்டு ஆர்மோனியத்துக்கு முன்னால் இருந்தார். அவர் எங்கேயோ வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தவராம். பிள்ளைகள் முன்பின் கேட்டிருக்க முடியாத ஒரு மேல்நாட்டு மெட்டை வாசிக்கிறேன், அப்போது அவர்களின் சொந்தச் சொல் வெளியே வரும் என்றார். வாசித்தார். நன்றாகவே வாசித்தார். கொஞ்சிக் கொஞ்சிப் போகிற, மேலும் கீழுமாக ஊஞ்சலாடுகிற ஒரு மெட்டு.

நாலைந்து சுரம்தான் போயிருக்கும், வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது. கைகட்டு அவிழ்ந்தது.

"பாண், சேர்" என்றான் டிலக்சன்.

சேர் நிறுத்தினார். "என்ன?"

"பாண். சீனிப் பணிஸும்" என்றது இன்னொன்று.

"இண்டைக்கு மழை, பாண் வராது" என்றது மூன்றாவது, கவலையாக.

ஓட்டமாவடிப் பேக்கரி ஒன்றில் இருந்து அந்தக் கரைக்குப் பாண் என்கிற ரொட்டியும் பணிஸ் என்கிற பன்னும் விற்க வருகிற ஓட்டோ, தன் மண்டையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு போவது அந்த மெட்டைத்தான். நாடு முழுக்க பாண் ஓட்டோக்கள் அதைத்தான் போடுகின்றன. பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத மெட்டா? மீளக் குடியேறி வந்த பிறகு அவர்கள் தினமும் ஆவலோடு காத்திருந்து கேட்ட ஒரே மெட்டு அது. மோட்டார் சைக்கிளில் திரிகிற சேருக்கு ஹெல்மெட்டுக்குள் அது கேட்டிருக்காது போல. தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகம் சிவந்து எழும்பி வந்தார். மேசையில் கைக்கு அகப்பட்ட வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

"சரி, ரீச்சர் நீங்க சொல்லுங்க. இதில என்ன உணர்ச்சி கிடக்கு? நான் எழுதுறன்."

நான் எழும்பினேன். அது துள்ளிக் குதிக்கிற மெட்டு என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை நாள் அதைக் கேட்டு ஓடிப்போய்ப் பணிஸ் வாங்கியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். என் கண் மட்டும் தானாக அவர் கைக்குப் போனது. கையில் வெள்ளை.

"சோகம், சேர்" என்றேன்.

 வகுப்பு வெடித்தது. கேமா வாங்கில் சரிந்து விழுந்து சிரித்தது. வேலியோரம் நின்ற தாய்மார் வாயைச் சீலையால் பொத்தினார்கள். சேர் வெண்கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தகரக் கூரையைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன். அது கோபம் என்று நினைத்துச் செத்துப்போனேன். சிரிப்பு.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெண்கட்டி மூன்றையும் எடுத்துச் சேட்டுப் பையில் போட்டுவிட்டுத் திரும்பவும் ஆர்மோனியத்தில் இருந்தார். "இனி என்ன வேணுமெண்டாலும் சொல்லலாம். பாணும் சொல்லலாம்" என்றார். மெதுவாக, நான் முதல் வாரம் வாசித்த அதே முகாரியை எடுத்தார். என்னைவிட நிதானமாக, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இடம்விட்டு வாசித்தார். அந்த இடைவெளிகளில் தகரத்தில் மழை விழுவது மட்டும் கேட்டது.

வாசித்து முடித்தார். என் பக்கத்தில் இருந்த கேமா எழும்பியது.

"கடல் உள்ளுக்குப் போனதுக்குப் பிறகு, சேர். திரும்பி வாறதுக்கு முதல்."

அது வந்தபோது கேமாவுக்கு ஐந்து வயது இருக்கும்.

வேலியில் இருந்து தாயின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "பேசாம இரு புள்ள. நல்லா இருக்கு எண்டு சொல்லிப்போட்டு இரு."

சேர் திரும்பிப் பார்த்தார். தன் கோப்பு மேசையில் கிடப்பதையும் பார்த்தார். அதை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். "இல்ல அம்மா, அவ சொல்லட்டும். அதுக்குத்தான் வந்த நான்."

அந்தத் தாய் வேலியைப் பிடித்துக்கொண்டார். மழை சீலைத் தலைப்பில் இருந்து வடிந்துகொண்டிருந்தது. பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவள் சொல்றது சரிதான் ஐயா. அந்த நேரம் ஒரு சத்தமும் இல்ல. காகம்கூடக் கத்தல்ல. மீன் துடிக்கிறத மட்டும் பாத்துக்கொண்டு நிண்ட நாங்க. இது அப்பிடித்தான் கிடக்கு."

பக்கத்தில் நின்ற இன்னொரு தாய், "ஓம்" என்றார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகளுக்கு நான் 'சோகம்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு யார் கற்றுக்கொடுப்பது? வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மாவின் நல்ல சீலையில் மூக்கைத் துடைத்தேன். (அந்தக் கறை போகவில்லை என்று பிறகு ஏச்சும் வாங்கினேன்.)

போகும்போது சேர் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். "உண்மையச் சொல்லுங்க. முதல் நாள் இதுகள் என்ன சொன்னதுகள்?"

நண்டு, பல், பஸ், நனைந்த சேட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத ஏன் எனக்குக் காட்டல்ல?"

"பயம், சேர்."

ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். "இண்டைக்குப் பாத்த பாடத்துக்கு நான் சிபாரிசு எழுத ஏலாது. எழுதினா எனக்கே சிரிப்பு வரும். அடுத்த தவணை வாறன். வெண்கட்டி என்னட்டயே கிடக்கட்டும்." பைக்குள் அந்த மூன்றையும் போட்டபடியே போய்விட்டார்.

அந்த ஒரு தவணை நான் எப்படி வாழ்ந்தேன் என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒளிகிற அளவுக்கு வந்துவிட்டேன். தொண்டர்களை நிறுத்தப் போகிறார்கள் என்ற கதை வாரத்துக்கு வாரம் ஆள் மாறி வந்து என்னிடம் சொல்லப்பட்டது. ஆனால் சொன்னபடி வந்தார். பிள்ளைகள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார்கள். ஒரு ராகத்தை 'வெந்த மரவள்ளிக் கிழங்கு' என்றார்கள், ஒன்றை 'பெரியம்மா கோவிச்சுக்கொண்டு போறது' என்றார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த வருசம் நிரந்தர நியமனம் வந்தது. இனியாவது டவுனில் ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். கிடைத்தது கதிரவெளி. இன்னும் வடக்கே, இன்னும் ஒரு பஸ். கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா, "முந்திச் சும்மா போனாய், இப்ப நிரந்தரமாப் போறாய்" என்றார்.

கதை என்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. கதிரவெளிக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே அங்கே ஒரு பிள்ளை என்னை 'சோகம் ரீச்சர்' என்று கூப்பிட்டது. பிறகு எனக்குக் கலியாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, டவுனுக்கு மாற்றமும் கிடைத்தது. பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்கும் தினமும் காலையில் வருகிறது, அதே மெட்டோடு. எங்கள் வீட்டில் அதற்குப் பாண் என்ற பெயர் எப்போதோ அழிந்துவிட்டது. "புள்ள, சோகம் போகப்போகுது, கெதியா ஓடு" என்று அம்மா குசினியில் இருந்து குரல் கொடுப்பார். "நேத்தையச் சோகம் மிச்சம் கிடக்கு, இண்டைக்கு ஒண்டு போதும்" என்பார் என் கணவர்.

போன மாதம் புதிதாக வந்த போதகர் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது மெட்டுக் கேட்டது. என் மகள் எழும்பி ஓடினாள். "அம்மா, இந்த வீட்டில எவ்வளவு சோகம் எடுத்தாலும் பத்துதில்ல" என்று வாசலில் நின்று கத்தினாள். போதகரின் முகம் மாறிவிட்டது. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, நான் உங்களுக்காக ஜெபிக்கிறன்" என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் உள்ளே வந்து அவர் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"இந்தாங்க ஐயா, நல்ல சூடான சோகம். பட்டர் பூசித் தரட்டா?"